தூரம் என்று சொன்னார்கள்

1991 செப்டம்பர் 12, வியாழன்

முதல் ஷிப்ட். மெஷினில் இரண்டு முறை கம்பி அறுந்தது. இரண்டு முறையும் சூப்பர்வைசர் சுப்பராயன் சார் சரியாக என் பின்னால் வந்து நின்றார். “கல்யாணப் பொண்ணு, நெனப்பு எங்க கீது?” என்று ஒரு சிரிப்பு வேறு. நினைப்பெல்லாம் இங்கேதான் இருக்கிறது சார், வந்த கம்பிதான் மட்டம் என்றேன். லைனில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள்.

மூன்று வருஷமாக இந்தக் கம்பெனியில் ஃபேன் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறேன். ஆவணியில் நிச்சயம் ஆனதிலிருந்து என் பேர் சசிகலா என்பதே எல்லாருக்கும் மறந்துவிட்டது. ஜனவரியில் என்னைப் பெர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள். எனக்கு அது மட்டும் மறக்கவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

பரசுராமன் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலை போட்டு, அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். தீபாவளியோடு நான் வேலையை விட்டுவிட வேண்டுமாம். மாப்பிள்ளை வீட்டிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

“அவங்க தப்பா ஒண்ணும் சொல்லல சசி. தூரம்னு சொல்றாங்க. உத்திரமேரூர் எங்க, ஒரகடம் எங்க? கல்யாணத்துக்கப்புறம் பொம்பளப் புள்ள தெனம் எப்டிப் போய்க்கினு வரும்?”

அப்பா தலையாட்டினார். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

கல்யாணம் தை மாதம். அதற்கு ஏன் தீபாவளிக்கே விட வேண்டும் என்று கேட்டேன். கல்யாண வேலை இருக்குமே என்றார் மாமா. எனக்கு என்ன வேலை? கழுத்தைக் காட்டும் வேலையா?

வேலைக்குப் போகாதே என்று சொல்லியிருந்தால் சண்டை போடலாம். தூரம் என்கிறார்கள். தூரத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

செப்டம்பர் 17, செவ்வாய்

போடலாம்.

நாளெல்லாம் காயில் சுற்றிக்கொண்டே யோசித்தேன். உத்திரமேரூரில் விடியற்காலை பஸ் ஏறினால் வாலாஜாபாத். அங்கே ஸ்டாண்டில் சைக்கிளைப் போட்டு வைத்தால் மிதித்துக்கொண்டே கம்பெனிக்கு வந்துவிடலாம். டிபன் இடைவேளையில் பாஞ்சாலி அக்காவிடம் சொன்னேன். என் பக்கத்து மெஷின்காரி. புருஷன் விட்டுவிட்டுப் போனபோது அவனுடைய சைக்கிளை மட்டும் பிடுங்கி வைத்துக்கொண்டவள். அந்த ஜென்ட்ஸ் சைக்கிளில் புடவையை வாரிச் செருகிக்கொண்டு அவள் ஏறும்போது ஒரகடம் கூட்ரோடே ஒதுங்கி நிற்கும்.

“நீ சொல்லிக்கினே இருந்தா எவன் நம்புவான்? ஓட்டிக் காட்டுடி,” என்றாள்.

செப்டம்பர் 22, ஞாயிறு

பஸ், சைக்கிள் யோசனையை மாமா மூலம் சொல்லி அனுப்பியிருந்தேன். இன்று பதில் வந்தது. தூரம். அவ்வளவுதான் பதில்.

செப்டம்பர் 29, ஞாயிறு

புதன்கிழமை காந்தி ஜெயந்தி, கம்பெனி லீவு. பாஞ்சாலி அக்காவும் நானும் சைக்கிளில் காஞ்சிபுரம் போகிறோம், காமாட்சி கோயிலுக்கு வேண்டுதல் என்று வீட்டில் சொல்லியாகிவிட்டது. கல்யாணப் பெண் கோயிலுக்குப் போகிறேன் என்றால் யார் தடுப்பார்கள்? காஞ்சிபுரத்திலிருந்து எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

வாலாஜாபாத், காஞ்சிபுரம், பாலாற்றைத் தாண்டி உத்திரமேரூர். திரும்பும்போது திருமுக்கூடல் வழியாக மறுபடி பாலாறு. எல்லாம் ஒரே நாளில். நேர் வழியில் போனால் சுலபமாகப் போய்விட்டாள் என்பார்கள். அதனால்தான் சுற்றிப் போகிறேன்.

நிச்சயம் ஆனவள் தாலி ஏறும்வரை மாப்பிள்ளை வீட்டுப் படியை மிதிக்கக் கூடாது. தெரியும். மிதிக்க மாட்டேன். தெருவில் நின்று தண்ணீர் கேட்பேன். தெரு எல்லாருக்கும் பொது.

அக்டோபர் 1, செவ்வாய்

செயினுக்கு எண்ணெய் விட்டாகிவிட்டது. டயர் இரண்டும் கல் மாதிரி இருக்கின்றன. பயமாகவும் இருக்கிறது.

அக்டோபர் 3, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. இன்றும் உட்கார முடியவில்லை, குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இருட்டு இருக்கும்போதே எங்கள் ஊர் வடக்குப்பட்டிலிருந்து கிளம்பினோம். மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததிலிருந்து இந்தப் பக்கம் எந்தக் கூட்ரோட்டிலும் போலீஸ் நிற்கிறது. வாலாஜாபாத் வழியில் ஒருவர் பையைத் திறக்கச் சொன்னார். புளிச்சோற்றைப் பார்த்துவிட்டு, “ரெண்டு பொம்பளைங்க, சைக்கிள்ல, காஞ்சிபுரமா?” என்றார். “ஏன் சார், சைக்கிளு காஞ்சிபுரம் போவாதா?” என்றாள் பாஞ்சாலி அக்கா. மனுஷன் சிரித்துவிட்டார்.

காஞ்சிபுரத்தில் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். கோயிலில் கூட்டம் இல்லை. வேண்டுதல் என்று சொல்லி வந்தேனே தவிர, அம்மனிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. கேட்க வேண்டியதை உத்திரமேரூரில் கேட்டுக்கொள்கிறேன், நீ கூட இரு என்று மட்டும் சொன்னேன்.

பாலாற்றுப் பாலத்தில் காற்று ஆளையே தள்ளியது. கீழே ஆறு முழுக்க மணல், நடுவில் வாய்க்கால் மாதிரி கொஞ்சம் தண்ணீர். மாகறலில் டீ. அதற்கப்புறம் வெயில் ஏறிவிட்டது. பாஞ்சாலி அக்காவின் சைக்கிளில் பெடல் கட்டை கழன்று விழுந்தது, வெறும் கம்பியை மிதித்துக்கொண்டே வந்தாள். வழியில் அவள் திட்டிய திட்டில் ஓடிப்போன அவள் புருஷனுக்கு எங்கிருந்தாலும் விக்கல் எடுத்திருக்கும்.

உத்திரமேரூருக்குள் நுழைந்ததும் பெருமாள் கோயில் சுவரின் நிழலில் நின்றோம். சுவர் முழுக்க எழுத்து. ஊர்ச் சபைக்கு ஆளைத் தேர்ந்தெடுக்க ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்ட கதை என்று அங்கே இருந்த ஒருவர் விளக்கினார். “பொம்பளைங்க பேரும் போட்டாங்களா?” என்று அக்கா கேட்டாள். இல்லை என்றார். “அப்ப எனக்கு எதுக்கு?” என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள். எனக்கு அதைப் பார்க்க மனம் ஓடவில்லை. இரண்டு தெரு தள்ளி அவர்கள் வீடு.

வாசலில் சைக்கிளை நிறுத்திப் பெல் அடித்தேன். சந்திரம்மாள் அத்தை, மாப்பிள்ளையின் அம்மா, பக்கத்துச் சந்திலிருந்து ஈரக் கையோடு வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

“நீயா? எப்டிம்மா வந்த? யார் கூட வந்த?”

“சைக்கிள்ல வந்தோம் அத்தை. காஞ்சிபுரம் சுத்திக்கினு வந்தோம். கொஞ்சம் தண்ணி குடுங்க.”

சொம்பு வந்தது. அதன் பின்னாலேயே அண்ணாதுரையும் வந்தார், கையில் பேப்பரோடு. கூட்டுறவு சங்கத்தில் கிளார்க். தையில் எனக்குத் தாலி கட்டப்போகிறவர். நிச்சயத்தன்று கூட என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவர். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும். தெருவில் நின்றே சொன்னேன்.

“தூரம்னு சொன்னீங்க. காலையில கெளம்புனேன், கோயிலும் பாத்தேன், வந்துட்டேன். இதுல பாதி தூரத்துக்கு பஸ் வேற கீது. நான் வேலைய விட மாட்டேன் அத்தை.”

அத்தை என்னையும் பார்க்கவில்லை, மகனையும் பார்க்கவில்லை. வீட்டின் உள்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல். வார்த்தையே இல்லாத குரல். அடுத்த நிமிஷம் ஏதோ விழுந்தது. அத்தை ஓடினார்.

“ஐயோ, உழுந்துட்டாரு! யாரனா வாங்களேன்!”

அண்ணாதுரை வாசலிலேயே நின்றார். கையில் பேப்பர் அப்படியே இருந்தது.

நான் படியை மிதித்தேன். வலது காலா இடது காலா, தெரியாது.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன என் அப்பாவைக் கூடத்தில் உட்காரவைத்துக் காபி கொடுத்து அனுப்பினார்களே, அந்தக் கூடத்துக்கு அடுத்த அறைதான். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பெரியவர் கிடந்தார். ஒரு கை, ஒரு கால் விளங்கவில்லை, வாய் கோணியிருந்தது. என் வருங்கால மாமனார். நிச்சயத்தன்று, செய்யாற்றில் பெரிய மகள் வீட்டில் காய்ச்சலோடு படுத்திருக்கிறார் என்று சொன்னார்களே, அவர். அவர் எங்கேயும் போகவில்லை. இரண்டு வருஷமாக இந்தக் கட்டிலில்தான் இருக்கிறார்.

என் பின்னாலேயே ஓடிவந்த பாஞ்சாலி அக்கா காலைப் பிடித்தாள், அத்தை இடுப்பை, நான் தோளை. தூக்கிப் படுக்கவைத்தோம். அவர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றார், கண்ணில் தண்ணீர் வந்தது. அறை அவ்வளவு சுத்தமாக இருந்தது. கொல்லையில் கொடி முழுக்கத் துவைத்த வேட்டித் துண்டுகள்.

“மூணு பேர் புடிச்சே மூச்சு வாங்குது. தெனம் யாரு தூக்கறது?” என்று அக்கா கேட்டாள்.

“நான்தான்,” என்றார் அத்தை.

அண்ணாதுரை இப்போது கதவருகில் வந்திருந்தார். நான் கேட்டேன். “நீங்க எந்தப் பக்கம் புடிப்பீங்க?”

“எனக்கு அதெல்லாம் பழக்கம் இல்ல.”

பழக்கம் இல்லியாம்! எனக்கு இருக்குதா? எனக்கு எப்ப பழக்கம் வந்துது? தூரம், தூரம்னு சொன்னீங்களே, இதுதானா அந்தத் தூரம்? மொதல்லயே சொல்லியிருந்தா ஓடிப் போயிருப்பேனா? தெரியாது. ஒருவேளை போயிருப்பேன். ஆனா என்னைக் கேட்டிருக்கணும். ஒரு ஆள் வேணும், சம்பளம் கேக்காத ஆளு, லீவு கேக்காத ஆளு — அதுக்கு ஒரு மஞ்சக் கயிறு. இதையெல்லாம் அங்கே சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். அங்கே சொன்னது இதுதான்:

“அத்தை, மாமாவ நான் பாத்துக்க மாட்டேன்னு சொல்லல. வேலைக்கும் போவேன், வூட்லயும் செய்வேன். ஆனா மொதல்ல இவரு பழகட்டும். தைக்கு இன்னும் நாள் கீது. இவரு தன் அப்பாவ குளிப்பாட்டி, துணி மாத்தி, சோறு ஊட்டறாருன்னு நீங்க சொல்லி அனுப்புங்க. அப்ப நான் சந்தோஷமா வரேன். இல்லன்னா எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்.”

“ஒரு பொண்ணு பேசற பேச்சா இது?” என்றார் அண்ணாதுரை. அத்தை சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். நாங்கள் சாப்பிடவில்லை.

திருமுக்கூடல் வரை நிற்காமல் மிதித்தோம். மூன்று ஆறு சேருகிற இடம். அங்கேயும் ஒரு பெருமாள் கோயில், அங்கேயும் சுவர் நிறைய எழுத்து. நடை திறக்க வந்த பட்டர், நாங்கள் சாய்ந்து உட்கார்ந்திருந்த சுவரைக் காட்டினார்.

“இது ஆஸ்பத்திரிக் கல்வெட்டும்மா. சோழர் காலத்துல இங்க ஆதுரசாலை இருந்துது. படுக்கை இவ்வளவு, வைத்தியர் யாரு, நோயாளிய கவனிச்சுக்கற பொம்பளைங்களுக்கு இன்ன கூலின்னு எல்லாம் வெட்டி வெச்சிருக்கு.”

“கூலியா? அந்தப் பொம்பளைங்களுக்கா?” பாஞ்சாலி அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ஆமா. நெல்லு.”

“தாலி கட்டிக் கூட்டிக்கினு வரலியா சாமி?”

நான் சிரித்த சிரிப்பில் பட்டர் உள்ளே போய்விட்டார். அப்புறம் நன்றாக அழுதேன். அக்கா தடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து புளிச்சோற்றை உருட்டி உருட்டி என் கையில் வைத்தாள். அவ்வளவு பசி இருந்திருக்கிறது எனக்கு.

அக்கரையில் பழையசீவரம் தெரிந்தது. மணலில் சைக்கிளைத் தள்ள முடியவில்லை, சக்கரம் புதைந்தது. தண்ணீர் ஓடிய இடங்களில் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தோம். நடு ஆற்றில் நின்று நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன். வாலாஜாபாத் தாண்டும்போதே இருட்டிவிட்டது. செயினில் மணல் அரைபட்டுக்கொண்டே வீடுவரை வந்தது.

ஆனால் வந்துவிட்டேன். முழுச் சுற்றும் சுற்றிவிட்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 4, வெள்ளி

செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. மாமா காலையிலேயே வந்து நின்றார்.

“தாலி ஏறாத வூட்ல கால வெச்சிட்டு வந்துகீற. அறிவு கீதா உனக்கு?”

“அவங்க வூட்டுப் பெரியவர் படுத்த படுக்கைன்னு உனக்குத் தெரியுமா மாமா?”

வாயில் இருந்த வெற்றிலையை மென்றார். “தெரியும். சொன்னா நீ ஒத்துக்குவியா?”

அப்பா அதுவரை என் மேல்தான் கோபமாக இருந்தார். அதைக் கேட்டதும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கழனிப் பக்கம் போய்விட்டார். அம்மா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அந்த அம்மா ஒண்டியாவா எல்லாம் பாக்குது?” என்று கேட்டாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

உத்திரமேரூரிலிருந்து ஒரு சேதியும் இல்லை. ஊரில்தான் சேதி. பொண்ணு தானா சைக்கிள் எடுத்துக்கினு மாப்பிள்ளைய பாக்கப் போச்சாம். அவன் வேணாம்னு துரத்திட்டானாம். குழாயடியில் நான் போனால் பேச்சு நிற்கிறது.

எனக்குத் தெரியும். நிச்சயம் முறிந்தால் யார் முறித்தது, ஏன் முறித்தது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். பொண்ணுகிட்ட இன்னா கோளாறு என்றுதான் கேட்பார்கள். அதற்கப்புறம் வருகிற ஒவ்வொரு சம்பந்தமும் அதே கேள்வியோடுதான் வரும். மாமா இதைத்தான் அம்மாவிடம் சொல்லிச் சொல்லிப் பயமுறுத்துகிறார். போய் மன்னிப்புக் கேட்டால் எல்லாம் சரியாகிவிடுமாம்.

கேட்க மாட்டேன்.

நவம்பர் 5, செவ்வாய்

தீபாவளி. வேலையை விடவில்லை.

நவம்பர் 16, சனி

விடாத மழை. பாலாற்றில் தண்ணீர் வருகிறதாம். கம்பெனிக்குப் போவதற்குள் தொப்பலாக நனைந்துவிடுகிறேன், ஒருநாள் கூட லீவு போடவில்லை. “ஜனவரி வரைக்கும் இப்டியே வா,” என்றார் சுப்பராயன் சார். இப்போதெல்லாம் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.

சில சமயம் அந்தப் பெரியவரின் கண் ஞாபகம் வருகிறது. அண்ணாதுரை இன்றைக்காவது அவரைத் தொட்டிருப்பாரா? தொட்டிருந்தால் நான் போவேன். அதையும் எழுதி வைக்கிறேன், அது உண்மை. எனக்கு அண்ணாதுரை மேல் வெறுப்பு இல்லை. பழகிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

டிசம்பர் 8, ஞாயிறு

மத்தியானம் அரிசி களைந்துகொண்டிருந்தேன். தெருவில் யாரோ என் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். சந்திரம்மாள் அத்தை. தனியாக வந்திருந்தார். கையில் துணி போட்டு மூடிய தாம்பாளம். கூட்ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி அந்தத் தட்டை ஏந்திக்கொண்டே நடந்து வந்திருக்கிறார்.

அம்மா உள்ளே கூப்பிட்டாள். வரவில்லை. தெருவிலேயே நின்றார். நிச்சயத் தட்டைத் திருப்பிக் கொடுப்பதென்றால் தாய்மாமன் வருவார், பெரிய மனுஷர்கள் வருவார்கள், பட்டும் படாமலும் நாலு வார்த்தை பேசிவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுவார்கள். இப்படி ஒரு பொம்பளை ஒற்றையாய்ப் பட்டப்பகலில் தட்டோடு வந்து நின்று இந்த ஊர் பார்த்ததில்லை. குழாயடி மொத்தமும் வந்துவிட்டது. அதற்காகத்தான் காத்திருந்தார் போல. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினார்.

“பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல. பொய் சொன்னது நாங்க. என் வூட்டுக்காரர் படுக்கையில கீறாரு, அத மறைச்சி நிச்சயம் பண்ணோம். இந்தப் பொண்ணு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டுப் போச்சி. ரெண்டு மாசம் பாத்தேன். என் புள்ள ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, அவங்கப்பன் கட்டிலாண்ட வர்ல. எனக்கும் செய்யாறுல ஒரு பொண்ணு கீது. அத நான் இந்த மாதிரி வூட்டுக்குக் குடுத்திருப்பேனா? குடுத்திருக்க மாட்டேன். அப்ப அடுத்தவங்க பொண்ண எந்த வாயால கேக்கறது?”

அப்பா வந்து இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். அம்மா நிச்சயப் புடவையை எடுத்துவந்து அத்தையிடம் கொடுத்தாள். பிறகு கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்துச் சோறு போட்டாள். அத்தை தலை நிமிராமல் சாப்பிட்டார். அவர் எனக்கு மாமியார் ஆகமாட்டார் என்பது அப்போதுதான் வருத்தமாக இருந்தது.

கிளம்பும்போது சைக்கிளை வெளியே எடுத்தேன். “உக்காருங்க அத்தை, பஸ் ஸ்டாப்பு வரைக்கும்.”

“நானா? இதுலயா?” என்றார். ஆனால் உட்கார்ந்தார். கேரியரில் ஒரு பக்கமாகக் காலைத் தொங்கப்போட்டு, சீட்டுக்கு அடியில் இருக்கிற கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முதல் வளைவுவரை “மெதுவா, மெதுவா” என்று சொல்லிக்கொண்டே வந்தார். அப்புறம் சொல்லவில்லை. எங்கள் தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்தது.

கூட்ரோட்டு டீக்கடையில் உட்கார்ந்தோம்.

“வூட்ல இப்ப மாமா கூட யாரு அத்தை?”

“அவன்தான். காலையில சொல்லிட்டு வந்துட்டேன். சோறு அடுப்பு மேல, மாத்துத் துணி கொடியில.”

வாலாஜாபாத் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு எங்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அத்தை எழுந்திருக்கவில்லை. டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஊதி ஊதிக் குடித்தார்.

“போவட்டும்,” என்றார். “அடுத்ததுல போறேன்.”

அடுத்த பஸ்ஸும் வந்தது. அதிலும் அவர் ஏறவில்லை. நான் இன்னும் இரண்டு டீ சொன்னேன்.